நேரம் போதாதவனும் நேரம் போகாதவனும்: மருந்துக் குளிசைகளின் தவறான பாவனை குறித்துக் கொடிகாமத்திலிருந்து ஒரு விசாரணை

1. குளிசை என்ற சொல்

யாழ்ப்பாணத்தில் மாத்திரைக்குக் குளிசை என்று பெயர். வீட்டிலும் ஆசுப்பத்திரியிலும் பாமசியிலும் அது குளிசைதான். "குளிசை போட்டாச்சோ?" என்ற கேள்வியில் அக்கறையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதே பொருள் பொலிஸ் செய்திக்குள் நுழையும்போது பெயர் மாறிவிடுகிறது: போதை மாத்திரைகளுடன் இளைஞர் கைது. கொடிகாமம், சாவகச்சேரி, நெல்லியடி என்று இடப்பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், வாக்கியம் மாறாது. எத்தனை மாத்திரை என்பதைச் செய்தி தவறாமல் சொல்லும். என்ன மாத்திரை என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

இக்கட்டுரை அந்தச் சொல்லாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. மருத்துவரின் துண்டோடு மட்டும் கிடைக்கவேண்டிய ஊக்கி மருந்துகள் ஏன் தவறாகப் பயன்படுகின்றன என்பது உலகில் தொண்ணூறு ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி. ஏ9 வீதியிலிருந்து பருத்தித்துறை வீதி பிரிகிற, தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் குவியும் ஒரு சந்தை ஊரில் நின்று அதே கேள்வியைக் கேட்டால், முதலில் கேள்வியையே இரண்டாகப் பிளக்கவேண்டி வருகிறது.

காரணம் எளிது. ஊக்கி மருந்து என்பது மூளையில் டோபமின், நோஅட்ரினலின் ஆகியவற்றின் செயலைக் கூட்டி விழிப்பையும் கவனத்தையும் நீட்டிப்பது. பசியையும் தூக்கத்தையும் தள்ளிவைப்பது. அம்பெற்றமின் வகைகளும் மெதைல்பெனிடேற்றும் இதற்குள் அடங்கும். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு இவை முறையான மருந்து. ஆனால் இங்குள்ள செய்திகளில் மாத்திரைக்குப் பெயர் தரப்படும்போது நான் அதிகம் கண்ட பெயர் பிரிகாபலின். அது ஊக்கி அல்ல. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படுவது. உடலைத் தளர்த்தி மனத்தை மந்தமாக்குவது. ரமடோல் இன்னொரு திசை, அது அபினைப் போலச் செயல்படும் செயற்கை வலிநிவாரணி. ஐஸ் என்று தெருவில் அழைக்கப்படும் மெதாம்பெற்றமின்தான் உண்மையான ஊக்கி. அதுவோ மாத்திரைச் செய்தியில் வராமல் தனிச் செய்தியாக வரும்.

ஆக, ஒருவன் விழித்திருக்க விழுங்குகிறான், இன்னொருவன் மரத்துப்போக விழுங்குகிறான். இருவரையும் "போதை" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், ஏன் என்று கேட்க வழியில்லை.

2. துண்டிலிருந்து தெருவுக்கு

அம்பெற்றமினை 1887இல் லசார் எடெலேயானு என்ற உருமேனிய வேதியியலாளர் உருவாக்கினார். அரை நூற்றாண்டு அதற்கு வேலை இருக்கவில்லை. 1930களில் ஸ்மித் கிளைன் அன்ட் பிரெஞ்ச் நிறுவனம் அதை மூக்கடைப்புக்கான உறிஞ்சியாக, பென்செட்ரின் என்ற பெயரில் விற்றது. உறிஞ்சியை உடைத்து உள்ளிருந்த மருந்து தோய்ந்த காகிதத் துண்டை விழுங்கப் பலர் கற்றுக்கொண்டார்கள். 1936–37 அளவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் மாணவர்களிடம் பென்செட்ரினைச் சோதித்தார்கள். ஆய்வு முடியுமுன்பே பரீட்சைக்கு இது உதவும் என்ற கதை விடுதிகளில் பரவிவிட்டது. அதே 1937இல் சார்ள்ஸ் பிராட்லி என்ற மருத்துவர், நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகள் பென்செட்ரினால் அமைதியடைந்து படிப்பில் ஈடுபட்டதைக் கண்டு எழுதினார். மருந்தும் அதன் தவறான பாவனையும் ஒரே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நல்ல மருந்தைக் கெட்ட இளைஞர்கள் பிற்காலத்தில் கெடுத்தார்கள் என்ற கதைக்கு வரலாறு இடம் தருவதில்லை.

அடுத்த கட்டத்தில் விழுங்கச் சொன்னவர்களே அரசுகள். ஜெர்மனியில் டெம்லர் நிறுவனம் 1938இல் மெதாம்பெற்றமினைப் பெர்விற்றின் என்று சந்தைக்கு விட்டது. தொடக்கத்தில் அதற்குத் துண்டுகூடத் தேவையில்லை. 1940 ஏப்ரல் முதல் யூலை வரை ஜெர்மானியத் தரைப்படைக்கும் வான்படைக்கும் பெர்விற்றினும் அதையொத்த ஐசோபானுமாகச் சுமார் மூன்றரைக் கோடி மாத்திரைகள் அனுப்பப்பட்டன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஹ் பியோல் அப்போது ஒரு சாதாரண சிப்பாய். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விற்றின் அனுப்பும்படி கேட்டவர். பிரித்தானியரும் அமெரிக்கரும் தங்கள் படைகளுக்குப் பென்செட்ரின் கொடுத்தார்கள். மெதைல்பெனிடேற்றை 1944இல் சீபா நிறுவனத்தின் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கினார். மனைவி மார்கரீட்டாவின் செல்லப்பெயரான ரீட்டாவை வைத்து அது ரிற்றலின் ஆனது. அந்த அம்மையார் ரெனிஸ் விளையாடப் போகுமுன் ஒன்று போட்டுக்கொள்வாராம் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, ரிற்றலினின் பிறப்புக் கதையிலேயே நோயில்லாத ஒருவர் மருந்து போட்டுக்கொள்கிறார்.

3. யப்பான்: போர் முடிந்த ஊரில் மிஞ்சிய குளிசை

நமக்கு மிக அருகில் வரும் உதாரணம் தூரத்தில்தான் இருக்கிறது. மெதாம்பெற்றமினை 1893இல் முதலில் உருவாக்கியவர் யப்பானியரான நகாய் நகாயோஷி. 1919இல் அதைப் படிகமாக்கியவர் ஒகாட்டா அகிரா. இன்று "ஐஸ்" என்று நாம் பயத்தோடு உச்சரிப்பது அந்தப் படிகம்தான். போர்க்காலத்தில் அங்கு அது பிலோபோன் என்ற பெயரில் படையினருக்கும் இரவுவேலைத் தொழிலாளருக்கும் கொடுக்கப்பட்டது. 1945இல் யப்பான் போரில் தோற்றது; படைக் களஞ்சியங்களில் மிஞ்சியிருந்த மருந்து சந்தைக்கு வழிந்தது. களைப்பும் நித்திரையும் போக்கும் மருந்து என்று பத்திரிகைகளில் விளம்பரமும் வந்தது. எழுத்தாளர்கள், மாணவர்கள், இரவில் கடை நடத்துவோர், வேலையற்ற இளைஞர் எனப் பாவனை பரவியது.

1951இல் ஊக்கி மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பாவனை உடனே குறையவில்லை. 1954இல் கைதானோர் 55,664 பேர். அவ்வாண்டும் மறு ஆண்டும் தண்டனை கூட்டப்பட்டது. கட்டாய மருத்துவமனை அனுமதிக்கும் வழி செய்யப்பட்டது. நாடெங்கும் பிரசாரம் நடந்தது. 1958இல் கைது சில நூறாகச் சுருங்கியது.

கடும் சட்டத்தின் வெற்றி என்று இதைப் படிப்போர் உண்டு. அது முழு விடையாகத் தெரியவில்லை. சட்டம் கடுமையான அதே ஆண்டுகளில்தான் யப்பானியப் பொருளாதாரம் நிமிர்ந்தது. ஆலைகள் இளைஞரை உள்ளிழுத்துக்கொண்டன. எது எவ்வளவு பங்காற்றியது என்று பிரித்துக் காட்டுவது கடினம். 1970களில் சட்டம் நடைமுறையில் இருந்தும், பாவனை இரண்டாம் முறை எழுந்தது என்பதும் அந்த விளக்கத்தைத் தளர்த்துகிறது.

யாழ்ப்பாண வாசகர் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தி இதில் உண்டு. அந்நாளைய யப்பானில் பழி கொரிய வம்சாவளியினர் மீது விழுந்தது. தம் சொந்தப் படை விநியோகித்த, தம் சொந்த நிறுவனம் தயாரித்த ஒரு மருந்து, அயலான் கொண்டுவந்த நஞ்சாக உருமாற எட்டு ஒன்பது ஆண்டுகள்கூட எடுக்கவில்லை.

4. மூளை கூடுமா?

ஊக்கி மருந்தைப் படிப்புக்காக விழுங்குவோர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. 2001இல் 119 கல்லூரிகளில் எடுக்கப்பட்டு, மக்கேப் குழுவினரால் 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மாணவரில் 6.9 வீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும், 4.1 வீதத்தினர் கடந்த ஓராண்டுக்குள், மருத்துவத் தேவையின்றி ஊக்கி மருந்து பயன்படுத்தியிருந்தார்கள். நமக்கு முக்கியமானது அந்த வீதங்களைவிட இன்னொரு முடிவு: அனுமதிப் போட்டி கடுமையான கல்லூரிகளில் பாவனை கூடுதலாக இருந்தது.

பலன் என்ன? இலியேவா, போலன்ட், பாரா ஆகியோர் 2013இல் வெளியிட்ட சோதனையில், ஆரோக்கியமானோரின் திறன் அம்பெற்றமின் கலவையால் பொதுவாகக் கூடவில்லை. ஆனால் கூடியதாக அவர்கள் நம்பினார்கள். 2023இல் மெல்பேர்ண், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நாற்பது பேரிடம் மெதைல்பெனிடேற், டெக்ஸ்றோஅம்பெற்றமின், மொடாபினில் ஆகியவற்றைச் சோதித்தார்கள். ஒரு பையில் எந்தப் பொருட்களை அடுக்கினால் பெறுமதி உச்சமாகும் என்பது போன்ற கணக்கு. மருந்து போட்டவர்கள் கூடுதலாக உழைத்தார்கள், அதிக நேரம் செலவிட்டார்கள், அதிகமுறை மாற்றி அடுக்கினார்கள். விடையின் தரமோ தாழ்ந்தது. மருந்து தருவது படிப்பை அல்ல, படிக்கிறேன் என்ற உணர்வை. பரீட்சைக்கு முந்திய இரவில் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் சில வேளை அந்த உணர்வுதான் என்பதால், ஆய்வு முடிவைக் காட்டி அவனைத் திருத்திவிடலாம் என்று நான் நம்பவில்லை.

போட்டி என்ற சொல்லுக்கு இங்கே தனிக் கணக்கு உண்டு. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. கொடிகாமத்துப் பிள்ளை மருத்துவபீடத்துக்குப் போட்டியிடுவது பெரும்பாலும் கொழும்புப் பிள்ளையோடு அல்ல. கரவெட்டி, கொக்குவில், சாவகச்சேரிப் பிள்ளைகளோடு. ஒரே ரியூசன் வாங்கில் பக்கத்தில் இருக்கிறவன்தான் எதிராளி. உயர்தர ஆண்டில் பல வீடுகளில் இரண்டு மணிக்கு லைற் எரியும். மேசையில் சுடுதண்ணிப் போத்தலில் அம்மா ஊற்றி வைத்த பிளேன்ரீ இருக்கும். விழிப்பை வேதிப்பொருளால் வாங்கும் பழக்கம் அங்கு ஏற்கெனவே உண்டு; அந்த வேதிப்பொருளின் பெயர் கபேயின், அவ்வளவே.

ரிற்றலின் அந்த மேசைக்கு வராததற்குக் காரணம் நம் பிள்ளைகளின் ஒழுக்கம் என்று பெருமைப்படவும் முடியாது. அமெரிக்க மாணவர்களில் பலருக்கு அது நண்பனின் போத்தலிலிருந்து கிடைக்கிறது. துண்டு பெற்ற நண்பர்கள் அங்கு நிறைய. இங்கோ கவனக்குறைவுக் கோளாறு கண்டறியப்படுவதே குறைவு. கண்டறியப்பட்டால் மருந்து உளநலக் கிளினிக்கின் கண்காணிப்பில் கொடுக்கப்படுகிறது. வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் ரிற்றலின் இல்லை. மிஞ்சிக் கிடப்பது வேறு.

5. ஊரில் சொல்லப்படும் காரணங்கள்

கொடிகாமத்துச் சந்தியிலோ கோயில் வீதியிலோ இந்தப் பேச்சை எடுத்தால் வரும் முதல் விடை சதி. தமிழ் இளைஞரை அழிக்கத் திட்டமிட்டு விடுகிறார்கள். இதை வெறும் வதந்தி என்று தள்ளுவது சரியல்ல. 2009க்குப் பிறகும் பெருமளவு படையினர் நிலைகொண்டுள்ள ஒரு குடாநாட்டில், இத்தனை சோதனைக் கண்களைத் தாண்டிப் பொருள் எப்படி வருகிறது என்று மக்கள் கேட்பது நியாயம். ஆனால் ஐஸும் மாத்திரையும் கம்பஹாவிலும் காலியிலும் கொழும்பின் தோட்டங்களிலும் இதே வேகத்தில் பரவின. தமிழரை மட்டும் குறிவைத்த திட்டம் சிங்களக் கிராமங்களை ஏன் இப்படி அரிக்கிறது என்பதற்குச் சதி விளக்கத்திடம் பதில் இல்லை. கவனயீனம், ஊழல், கொள்ளை இலாபம் என்ற சொற்கள் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். அவற்றில் வீரம் குறைவு என்பதால் யாரும் விரும்புவதில்லை.

இரண்டாவது விடை ஒழுக்கச் சரிவு: அந்தக் காலத்தில் இப்படி இல்லை. இதில் நேரம் செலவிட விரும்பவில்லை. அந்தக் காலத்தில் கள்ளுத் தவறணை இருந்தது.

மூன்றாவது விடை கனமானது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், வடக்கின் பாதிப்பைத் தனிமனித நோயாகப் பார்ப்பது போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்ட கூட்டு மனவடுவாகப் பார்க்கவேண்டும் என்று வாதிட்டார். கொடிகாமம் அடங்கிய தென்மராட்சிக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சனம் வந்து குவிந்தது சாவகச்சேரி, கொடிகாமப் பக்கம்தான். 2000இல் தென்மராட்சியே பெயர்ந்தது. இன்று இருபது வயதான ஒருவனுக்குப் போர் நினைவில் இருக்காது. ஆனால் அதிகம் பேசாத தகப்பனும், பயத்தில் வளர்த்த தாயும், ஒருவரையொருவர் நம்பாத அயலும் அவன் வீட்டில் இருக்கலாம். மரத்துப்போக விரும்பும் தலைமுறையை இந்த விளக்கம் நன்றாகக் காட்டுகிறது. விழித்திருக்க விரும்புபவனை அது காட்டவில்லை.

போரிலிருந்து இன்னொன்றும் மிஞ்சியது, அதைப் பற்றி யாரும் எழுதக் காணேன். 1990களின் பொருளாதாரத் தடையில் மருந்து எண்ணிக் கிடைத்த பொருள். ஒரு காட் பனடோல் கையில் இருந்தால் வீட்டுக்குப் பலம். குளிசையைச் சேர்த்துவைப்பது, பகிர்வது, பழைய துண்டைப் பத்திரப்படுத்துவது எல்லாம் அக்காலத்தில் பிழைக்கும் வழி. அந்தப் பழக்கம் தடையோடு போய்விடவில்லை. தலையிடிக்குத் தன் குளிசையில் ஒன்றை அயலட்டைக்குக் கொடுக்கும் அம்மா அன்பைத்தான் கொடுக்கிறார். குளிசைக்குத் துண்டு ஒரு சம்பிரதாயம் மட்டும் என்ற பாடத்தையும் பிள்ளை அங்கேதான் படிக்கிறான்.

இனி என் வாசிப்பைச் சொல்லவேண்டும். மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவோரை வயதாலோ சாதியாலோ வசதியாலோ பிரிப்பதைவிட, நேரத்தோடு அவர்களுக்குள்ள உறவால் பிரித்தால் கூடுதல் விளங்குகிறது. நேரம் போதாதவன் ஊக்கியைத் தேடுகிறான்: பெர்விற்றின் விழுங்கிய சிப்பாய், விடுதி மாணவன், இரவு முழுதும் லொறி ஓட்டுபவன், கடலில் விடியும்வரை கண்விழிப்பவன். நேரம் போகாதவன் மனத்தை மந்தமாக்கும் அமுக்கியைத் தேடுகிறான். கொடிகாமத்தில் இந்த இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழக்கூடும். தம்பி உயர்தரம் படிக்கிறான். அவனுக்கு நாள் இருபத்துநான்கு மணி போதவில்லை. அண்ணன் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியிலும், 2023ஆம் ஆண்டுப் பரீட்சை 2024 ஜனவரியிலும் நடந்தன. பிறகு பெறுபேறு, பிறகு வெட்டுப்புள்ளி, பிறகு பல்கலைக்கழகம் திறக்கும் நாள். அது கிடைக்காவிட்டால் ஏஜென்சி, வெளிநாட்டு மாமாவின் ரெலிபோன். கொரோனாவும் 2022 நெருக்கடியும் ஒரு தலைமுறைக்குக் கொடுத்தது இந்த வெறும் நேரம். அதைக் கொல்ல மலிவான வழி ஒரு கப்சூல்.

ஐஸ் இந்தப் பிரிப்பைக் கலைக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. வேலையில்லாதவனும் ஐஸ் எடுக்கிறான். ஊக்கி மருந்து வேலைக்கான நேரத்தை நீட்டுவதோடு நிற்பதில்லை; தான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்ற உணர்வையும் கொடுக்கிறது. மேலே கண்ட பை அடுக்கும் சோதனை சொன்னதும் அதைத்தானே.

6. சட்டத்தின் தராசும் பாமசியின் மேசையும்

2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம், நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தைத் திருத்தி மெதாம்பெற்றமினைக் கடுந்தண்டனைக்குள் கொண்டுவந்தது; 5 கிராமும் அதற்கு மேலும் வைத்திருந்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கலாம். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸார் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கைதாயினர்; ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் அதன் முறைகள் குறித்துக் கவலை வெளியிட்டது. அதே மெதாம்பெற்றமின் அமெரிக்காவில் இன்றும் மருத்துவர் எழுதிக்கொடுக்கக்கூடிய மருந்துதான் என்பது, நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள கோட்டை எந்தத் தராசு வரைகிறது என்று யோசிக்க வைக்கிறது. பிரித்தானியா பிரிகாபலினை 2019 ஏப்ரலில் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களில் சேர்த்தது. சேர்த்த பிறகும் அது அங்கே நரம்பு வலிக்காரருக்கு வேண்டிய மருந்தாகவே தொடர்கிறது.

கோடு உண்மையில் வரையப்படும் இடம் பாராளுமன்றம் அல்ல என்பதைத் தென்மராட்சியில் ஒரு பாமசியில் நின்றபோது கண்டேன். பள்ளிக்கூடப் பையோடு வந்த ஒரு பெடியன் போனை நீட்டினான். திரையில் ஒரு மருந்துத் துண்டின் படம். ஓரம் மடிந்து, எழுத்து மங்கியிருந்தது.

"ஆருக்குத் தம்பி?"

"அம்மம்மாவுக்கு."

"அவ ஏன் வரேல்ல?"

"நடக்கேலாது. கால் எரிவு."

"எத்தினை வேணும்?"

"அம்பது."

கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கித் திகதியைப் பார்த்தார். "பத்துத் தாறன். மிச்சத்துக்குத் துண்டைக் கொண்டு வா." பத்துக் கப்சூலை வெட்டி உறையில் போட்டு, இரவில் ஒன்று என்று அதன்மேல் எழுதினார். பெடியன் காசைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

"அம்மம்மாவை எனக்குத் தெரியும்," என்றார் அவர், நான் கேட்காமலே. "நீரிழிவு. உண்மையாவே கால் எரிவுதான். ஆனா போன கிழமையும் இவன் வந்தவன்." பிறகு எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். நாலு பேர் துண்டோடு நின்றார்கள்.

"பத்தோ அம்பதோ எண்டு யோசிக்க எனக்குக் கிடைக்கிறது இவ்வளவு நேரந்தான்," என்று சொல்லி அடுத்தவரின் துண்டுக்குக் கையை நீட்டினார்.